இலத்தீன் படித்தால் ஆங்கிலம் வருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் பெரியவர்களுக்கான ஆங்கில மாலை வகுப்பு ஒன்றை நடத்துகிறேன். வங்கி ஊழியர்கள், சட்டம் படிப்பவர்கள், மருந்துக் கடையில் நிற்பவர்கள், பிள்ளையின் பாடத்தைத் தாமும் படித்துப் பார்க்க விரும்பும் தாய்மார் என்று பலரும் வருகிறார்கள். 'இலத்தீன் வேர்ச்சொற்களைப் படித்தால் ஆங்கிலம் தானாக வரும்' என்ற காணொளியை யாராவது ஒருவர் பார்த்துவிட்டு வந்து கேட்பார். அடுத்த கிழமை இன்னொருவர் கேட்பார். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதி வைத்திருக்கிறேன்.

சொற்கள் எல்லாம் தமிழ் எழுத்தில் உள்ளன. இலத்தீன்காரர்களின் 'த' நம்முடைய 'த' போலப் பல்லில் நாக்குப் படும் ஒலி என்பதால் இலத்தீன் சொற்களைத் 'த' வரிசையிலும், ஆங்கிலச் சொற்களை வழக்கம்போல 'ட' வரிசையிலும் எழுதியிருக்கிறேன்.

இலத்தீன் படித்தால் ஆங்கிலம் சரளமாகக் கதைக்க வருமா?

வராது. காசைச் செலவழிப்பதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஆங்கிலத்தில் மிக அதிகம் புழங்கும் நூறு சொற்களை எடுத்துப் பாருங்கள்: 'த', 'ஒஃப்', 'ஐ', 'யூ', 'ஹவ்', 'கோ', 'கம்', 'வட்', 'வென்'. ஏறக்குறைய எல்லாமே பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொற்கள். 'கெட் ஒஃப்', 'கிவ் அப்', 'லுக் ஆஃப்டர்', 'புட் அப் வித்' போன்ற இணைப்பு வினைகளும் இலத்தீனிலிருந்து வந்தவை அல்ல. காலி வீதியில் பஸ் ஏறுவதற்கும், அலுவலகத்தில் அருகில் இருப்பவருடன் நாலு வார்த்தை கதைப்பதற்கும் வேண்டியவை இவைதான்.

இன்னொன்று. நம்மவர்கள் அதிகம் இடறுவது 'அ', 'த' என்ற இரண்டு சிறு சொற்களில். எங்கே போடுவது, எங்கே விடுவது என்று தெரியாமல் பட்டதாரிகளே திணறுகிறார்கள். தமிழிலும் அவை இல்லை, இலத்தீனிலும் இல்லை. அதற்கு இலத்தீனிடம் போவது, வெறும் கையோடு இருப்பவரிடம் கடன் கேட்பது போல. கதைக்க வேண்டுமானால் கதைத்துத்தான் பழக வேண்டும்.

அப்படியானால் எதற்காகப் படிக்க வேண்டும்?

வாசிப்பதற்கும், பிழையில்லாமல் எழுதுவதற்கும். காப்புறுதிப் பத்திரம், வேலை ஒப்பந்தம், வங்கிக் கடிதம், ஆங்கில நாளிதழின் ஆசிரியர் தலையங்கம், பல்கலைக்கழகப் பாடநூல் ஆகியவற்றில் சொற்கள் திடீரென்று நீண்டுவிடுகின்றன. அந்த நீண்ட சொற்களின் பெரும்பகுதி இலத்தீனுடையது. அகராதியை மொத்தமாக எடுத்தால் ஆங்கிலச் சொற்களில் பாதிக்கும் மேற்பட்டவை இலத்தீனிலிருந்து நேராகவோ பிரெஞ்சு வழியாகவோ வந்தவை.

1066 இல் நோர்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு அரசவையும் நீதிமன்றமும் பிரெஞ்சு பேசின. மறுமலர்ச்சிக் காலத்தில் அறிஞர்கள் நேரே இலத்தீனிலிருந்தே சொற்களை அள்ளினார்கள். அதனால்தான் ஆங்கிலத்தில் ஒரே வேலைக்கு இரண்டு மூன்று சொற்கள் இருக்கின்றன. கேட்பதற்கு 'ஆஸ்க்' சொந்தச் சொல். 'குவெஸ்சன்' பிரெஞ்சு வழி வந்தது. 'இன்டெரகேட்' நேர் இலத்தீன். பொலிஸ் நிலையத்தில் நடப்பது மூன்றாவது. இந்த ஏற்ற இறக்கம் நமக்குப் புதிதல்ல. வீடு, இல்லம், கிருகம் மூன்றும் ஒன்றுதான். ஆனாலும் அழைப்பிதழில் 'கிருகப்பிரவேசம்' என்று அச்சடிக்கும் மனிதர், வேலை முடிந்ததும் 'கிருகத்துக்குப் போகிறேன்' என்று சொல்வதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. 'இம்போர்ட்', 'எக்ஸ்போர்ட்' என்றதும் கொழும்பில் எல்லோருக்கும் துறைமுகம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அங்கே இருப்பது 'போர்த்தாரே' என்ற வினை. சுமத்தல், கொண்டுசெல்லல் என்று பொருள். உள்ளே கொண்டுவருவது இம்போர்ட், வெளியே கொண்டுபோவது எக்ஸ்போர்ட், ஓரிடத்திலிருந்து மறு இடத்துக்குக் கடத்துவது ட்ரான்ஸ்போர்ட், செய்தியைத் திரும்பக் கொண்டுவருவது ரிப்போர்ட், கீழிருந்து தாங்கிச் சுமப்பது சப்போர்ட், நாட்டைவிட்டு அப்புறப்படுத்துவது டிப்போர்ட், தூக்கிச் செல்லக்கூடியது போர்ட்டபிள். ஒரு வேரும் ஐந்தாறு முன்னொட்டுகளும் தெரிந்தால் ஒரு குடும்பமே அறிமுகமாகிவிடும். இலத்தீன் தரும் உண்மையான இலாபம் இதுதான்.

தமிழர்களுக்கு இது கடினமா? நமக்கும் இலத்தீனுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

தமிழ் திராவிட மொழி. இலத்தீன் இந்தோ-ஐரோப்பிய மொழி. இரண்டுக்கும் இரத்த உறவு இல்லை. ஆனால் நாம் நாள்தோறும் புழங்கும் வடசொற்களுக்கும் இலத்தீனுக்கும் உறவு உண்டு. சமஸ்கிருதம், கிரேக்கம், இலத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று வில்லியம் ஜோன்ஸ் 1786 இல் கல்கத்தாவில் எடுத்துச் சொன்னார். அந்த உறவை நம் வீட்டு நாட்காட்டியிலேயே காணலாம்.

சப்தமி, அஷ்டமி, நவமி, தசமி என்று எண்ணுங்கள். இலத்தீனில் ஏழு 'செப்தெம்', எட்டு 'ஒக்தோ', ஒன்பது 'நொவெம்', பத்து 'தெகெம்'. செப்டெம்பர், ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் என்ற பெயர்கள் இவற்றிலிருந்து வந்தவை. பழைய உரோம ஆண்டு மார்ச்சில் தொடங்கியதால் அவை அன்று ஏழாம், எட்டாம், ஒன்பதாம், பத்தாம் மாதங்களாக இருந்தன. சிங்களம் தெரிந்தவர்கள் 'நமய', 'தஹய' என்ற எண்களையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம். அதுவும் அந்தக் குடும்பத்து மொழிதான்.

மேலும் சில. அக்கினிக்கு உறவு 'இக்னிஸ்'; மோட்டார் சைக்கிளின் இக்னிஷன் அங்கிருந்து வந்தது. தந்தத்துக்கு உறவு 'தென்ஸ்', டென்டிஸ்ட். பாதத்துக்கு உறவு 'பேஸ்', வேர் வடிவில் 'பெத்', பெடல், பெடெஸ்ட்ரியன். நாமத்துக்கு 'நோமென்', வங்கிப் படிவத்தில் நொமினி என்ற கட்டத்தில் நீங்கள் எழுதுவது ஒரு நாமத்தைத்தானே. வாக்குக்கு 'வோக்ஸ்', வோக்கல், வொகாபுலரி, அட்வகேட். மரணத்துக்கு 'மோர்ஸ்', மோர்ட்டல், மோர்ச்சுவரி. யோகத்துக்கு 'யுங்கெரே', அதாவது இணைத்தல், ஜொயின், ஜங்ஷன். பொரளைச் சந்தியும் ஒருவகை யோகம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள், மாலை ஐந்து மணிக்கு அப்படித் தோன்றாவிட்டாலும். தேவனுக்கு 'தேயுஸ்'; டிவைன். நவீனத்தின் 'நவ'வுக்கு 'நொவுஸ்', ரெனவேஷன், இன்னவேஷன்.

ஆங்கிலேயப் பிள்ளைக்கு 'இக்னிஸ்' முற்றிலும் அந்நியம். உங்களுக்கு அப்படி அல்ல. வெறுமனே மனப்பாடம் செய்யாமல், தெரிந்த வடசொல்லில் கொளுவி வையுங்கள். ஆனால் 'ஆங்கிலச் சொற்கள் எல்லாம் தமிழிலிருந்து போனவை' என்று நிரூபிக்கக் கிளம்பும் காணொளிகளின் பக்கம் போக வேண்டாம். ஒலி ஒத்திருப்பதெல்லாம் உறவாகிவிடாது.

முன்னொட்டுகள் ஏன் இப்படி உருமாறுகின்றன? 'இன்' ஒரு சொல்லில் 'இம்', இன்னொன்றில் 'இல்', வேறொன்றில் 'இர்' ஆகிறதே?

புணர்ச்சி விதி. பத்தாம் ஆண்டில் நீங்கள் வெறுத்த அதே பாடம்தான்.

மரம் + கள் = மரங்கள். 'க' வருவதைக் கண்டு 'ம்' முன்கூட்டியே 'ங்' ஆகிவிடுகிறது. பல் + பொடி = பற்பொடி. வடமொழி முன்னொட்டு 'சம்' சங்கமத்தில் 'சங்' ஆகிறது, சந்தோஷத்தில் 'சந்' ஆகிறது, சம்பந்தத்தில் அப்படியே நிற்கிறது. இலத்தீன் நாவும் இதையே செய்தது. இல்லை என்னும் 'இன்', 'பொசிபிள்' முன்னால் 'இம்' ஆகி இம்பொசிபிள். 'லீகல்' முன்னால் இல்லீகல். 'ரெகுலர்' முன்னால் இர்ரெகுலர். சேர்த்து என்னும் 'கொம்' கொம்பைன், கனெக்ட், கலெக்ட், கரெக்ட் என்று நான்கு வேடம் போடுகிறது. நன்னூல் இதைத் திரிதல் என்று வகைப்படுத்தும்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், ஆங்கில எழுத்துக்கூட்டலில் இரட்டை எழுத்துப் பிழைகளில் பெரும்பகுதி இந்த ஓர் இடத்தில்தான் பிறக்கிறது. அறை வாடகைப் பலகைகளில் அடிக்கடி பிழையாக எழுதப்படும் சொல் 'அக்கொமடேஷன்'. அதன் பிரிப்பு: அத் + கொம் + மொதுஸ். 'அத்' என்பதன் கடைசி எழுத்து 'சி' ஆகத் திரிந்ததால் இரண்டு 'சி'. 'கொம்' ஓர் 'எம்' கொண்டுவருகிறது, 'மொதுஸ்' இன்னோர் 'எம்' கொண்டுவருகிறது. ஆகவே இரண்டு 'எம்'. 'ரெக்கமெண்ட்' என்பது ரெ + கமெண்ட். எனவே ஒரு 'சி', இரண்டு 'எம்'. 'டிஸபொயின்ட்' என்பது டிஸ் + அப்பொயின்ட். ஓர் 'எஸ்' போதும். 'டிஸ்சடிஸ்ஃபைட்' என்பதில் டிஸ் ஓர் 'எஸ்' தர, சடிஸ்ஃபைட் இன்னொன்று தர, இரண்டு. 'இல்லீகல்' இரண்டு 'எல்'. எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். பிரித்து எழுதுக, சேர்த்து எழுதுக என்று பரீட்சையில் செய்ததை ஆங்கிலத்திலும் செய்யுங்கள்.

ஒலிக்காத எழுத்துகளுக்கும் இலத்தீன் காரணமா?

சிலவற்றுக்கு. கடன் என்னும் 'டெட்' சொல்லில் 'பி' ஒலிப்பதில்லை. பிரெஞ்சிலிருந்து வந்தபோது அந்த எழுத்தே இருக்கவில்லை. இலத்தீன் மூலம் 'தேபித்தும்' என்று பெருமையோடு காட்டுவதற்காகப் படித்தவர்கள் பின்னர் செருகினார்கள். உங்கள் வங்கிக் கணக்கில் வரும் 'டெபிட்' அதே சொல். அங்கே 'பி' ஒலிக்கிறது. 'டவுட்' சொல்லின் 'பி'யும் (டூபியஸ் என்பதோடு ஒப்பிடுங்கள்) 'ரிசீட்' சொல்லின் 'பி'யும் (ரிசெப்ஷன்) இப்படி வந்தவையே. முதலாவது 'போல்' (பந்து) சொல்லின் 'பி', இரண்டாவது 'பென்' (பேனா) சொல்லின் 'பி'. தீவு என்னும் 'ஐலண்ட்' சொல்லின் 'எஸ்' இன்னும் வேடிக்கை: அது பழைய ஆங்கிலச் சொல், இலத்தீன் தொடர்பே இல்லை, தொடர்பு இருப்பதாக எண்ணிச் செருகிவிட்டார்கள்.

இலத்தீன் இலக்கணம் முழுவதையும் படிக்க வேண்டுமா?

அன்றாட ஆங்கிலத்துக்கு வேண்டாம். அது ஆண்டுக்கணக்கில் ஆகும் வேலை. அந்த நேரத்தில் நல்ல ஆங்கில நூல்களை வாசித்தால் பலன் அதிகம். ஆனால் இலக்கணத்தின் ஒரு துண்டு மட்டும் மிகவும் உதவும்: வினையின் இரண்டு அடிகள்.

தமிழில் 'நில்' இறந்தகாலத்தில் 'நின்றான்' ஆகிறது. 'கேள்', 'கேட்டான்' ஆகிறது. 'வா', 'வந்தான்' ஆகிறது. வினை ஒன்றுதான், அடி இரண்டு. இலத்தீன் வினைகளுக்கும் நிகழ்கால அடி ஒன்று, முற்றுப்பெற்ற செயலுக்கான அடி ஒன்று. ஆங்கிலம் பெரும்பாலும் முதல் அடியை வினைக்கும் இரண்டாம் அடியைப் பெயருக்கும் எடுத்துக்கொண்டது. டிஸ்கிரைப், டிஸ்கிரிப்ஷன். பெர்மிட், பெர்மிஷன். டிவைட், டிவிஷன். எக்ஸ்பெல், எக்ஸ்பல்ஷன். கன்வர்ட், கன்வர்ஷன். ரிசீவ், ரிசெப்ஷன். 'சப்மிட்' என்பதற்குப் பெயர்ச்சொல் என்ன என்று இனி யாரிடமும் கேட்க வேண்டாம்; 'மிட்' வந்தால் 'மிஷன்'.

எல்லாவற்றையும்விட விசித்திரமான வினை 'ஃபெர்ரே', தாங்கிச் செல்லல். அதன் மறு அடி 'லாத்', முகச்சாயலே இல்லாத உடன்பிறப்பு. அதனால் 'ட்ரான்ஸ்ஃபர்', 'ட்ரான்ஸ்லேட்' இரண்டும் ஒரே வினையின் இரு அடிகள். 'ரெஃபர்', 'ரிலேட்' இரண்டும் அப்படியே. ஓர் அலுவலரை இடம்பெயர்ப்பதும் ஒரு பனுவலை மொழிபெயர்ப்பதும் தமிழிலும் ஒரே 'பெயர்' தான் என்பதைக் கவனியுங்கள்.

வேற்றுமைகளுக்குப் பயப்பட வேண்டுமா?

ஆங்கிலேயர் பயப்படுகிறார்கள். நாம் ஏன்? இலத்தீனில் வேற்றுமை ஆறு, நம்மிடம் எட்டு. எழுவாய், ஐ, கு, உடைமை, விளி எல்லாம் ஒன்றுக்கு ஒன்று பொருந்தும். ஆறாவதான 'அப்லாதிவுஸ்' மட்டும் ஆல், இன், இல் மூன்றின் வேலையையும் ஒன்றாகப் பார்க்கிறது. சொற்களை இடம் மாற்றிப் போட்டாலும் உருபு பொருளைக் காப்பாற்றும்: 'கண்ணன் பந்தை அடித்தான்', 'பந்தைக் கண்ணன் அடித்தான்'. இலத்தீனும் இந்தச் சுதந்திரத்தோடுதான் எழுதுகிறது.

வினைமுற்றில் எழுவாய் அடங்கியிருப்பதும் அப்படியே. கி.மு. 47 இல் சேலா என்ற இடத்தில் நடந்த போருக்குப் பிறகு சீசர் சொன்னதாக வழங்கும் வாசகம் மூன்று சொற்கள்: 'வேனி, வீதி, வீகி'. தமிழிலும் மூன்றே சொற்கள்: வந்தேன், கண்டேன், வென்றேன். ஆங்கிலத்தில் 'ஐ' என்பதை மூன்று முறை தனியே சொல்லி ஆறு சொற்கள் ஆக்க வேண்டும்.

தமிழ் இலக்கணத்தை ஐரோப்பியருக்கு விளக்கியவர்களில் சிலர் அதை இலத்தீனிலேயே எழுதினார்கள். மதபோதகர் சீகன்பால்குவின் தமிழ் இலக்கணம் 1716 இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் 1738 இல் தரங்கம்பாடியில். அவர்கள் வந்த பாதையில் நாம் எதிர்த்திசையில் நடக்கிறோம்.

பாடசாலைச் சின்னங்களில் இருக்கும் இலத்தீனுக்கு என்ன பொருள்?

கொழும்பின் பழைய கல்லூரிகள் பலவற்றின் வாசகம் இலத்தீன். ரோயல் கல்லூரி: 'திஸ்கே அவுத் திஸ்கேதே'. கற்றுக்கொள், இல்லையேல் விலகிப் போ. 'திஸ்கே' வினையின் உறவினர் டிஸைப்பிள், டிஸிப்பிளின். கல்கிசை பரி. தோமாவின் கல்லூரி: 'எஸ்தோ பெர்பெத்துவா'. என்றும் நிலைத்திரு, பெர்பெச்சுவல். வெஸ்லி கல்லூரி: 'ஓரா எத் லபோரா'. வேண்டு, உழை, ஒரேட்டர், லேபர். மருதானை புனித ஜோசப் கல்லூரி: 'இன் ஸ்கியென்தியா எத் விர்தூத்தே', அறிவிலும் ஒழுக்கத்திலும், சயன்ஸ், வேர்ச்சூ. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் 'ஃபிதே எத் லபோரே', நம்பிக்கையாலும் உழைப்பாலும். கடைசி இரண்டிலும் மேலே சொன்ன அதே 'அப்லாதிவுஸ்' வேற்றுமை, ஒன்றில் 'இல்' ஆகவும் மற்றதில் 'ஆல்' ஆகவும்.

பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலை விண்ணப்பத்தில் 'நான் இன்ன கல்லூரியின் அலும்னை' என்று எழுதாதீர்கள். அது பன்மை. ஆண் ஒருவர் அலும்னஸ், பெண் ஒருவர் அலும்னா.

வீட்டில் நாம் பேசும் தமிழில் இலத்தீன் இருக்கிறதா?

குசினிக்குள் போய்ப் பாருங்கள். 1505 இல் வந்த போர்த்துக்கேயர் 1656 இல் கொழும்பை டச்சுக்காரரிடம் இழந்தார்கள். ஆனால் அவர்கள் சொற்கள் போகவில்லை. அந்தச் சொற்களில் பல இலத்தீனின் பேரப்பிள்ளைகள். குசினியின் மூலம் 'கொகுயினா'. ஆங்கிலத்தின் கிச்சனும் குஸினும் அதே மூலம். பாணின் மூலம் 'பானிஸ்'. கம்பானியன் என்றால் ஒன்றாகப் பாண் உண்பவர். கதிரையின் மூலம் 'கதெத்ரா', அதுவும் கிரேக்கத்திலிருந்து இலத்தீன் வாங்கியது; ஆங்கிலச் செயரும் கதீட்ரலும் அங்கிருந்தே. ஆயரின் ஆசனம் உள்ள ஆலயம் என்பதால் கொட்டாஞ்சேனை புனித லூசியாள் பேராலயம் ஒரு கதீட்ரல். அலுமாரியின் மூலம் 'அர்மாரியும்', கருவிகள் வைக்கும் இடம், ஆர்மியோடு உறவு. யன்னலின் மூலம் 'யானுவா', வாசல். ஜனவரியும் ஜனிட்டரும் அந்த வாசல் வழியாக வந்தவை. லேஞ்சிக்கு 'லிந்தெயும்', லினன் துணி. தவறணைக்கு 'தபெர்னா', அதன் ஆங்கில வடிவம் டவேர்ன்.

மருந்துத் துண்டில் டொக்டர் எழுதும் எழுத்துகள் இலத்தீனா?

ஆம். 'பி.டி.' என்பது 'பிஸ் தியே', நாளுக்கு இரு முறை. 'ரி.டி.எஸ்.' என்பது 'தெர் தியே சூமெந்தும்', நாளுக்கு மூன்று முறை எடுக்க வேண்டியது. 'நொக்தே' இரவில்; 'மானே' காலையில். 'ஏ.சி.' என்றால் 'அந்தே கிபும்', உணவுக்கு முன், 'பி.சி.' என்றால் 'போஸ்த் கிபும்', உணவுக்குப் பின். அந்த 'அந்தே' அன்டிநேட்டலில் இருக்கிறது. 'போஸ்த்' போஸ்ட்போனில் இருக்கிறது. 'பிஸ்' நம் தேநீரோடு வரும் பிஸ்கட்டில் இருக்கிறது, இரு முறை சுட்டது என்று பொருள். எனினும் துண்டை நீங்களே மொழிபெயர்த்து மருந்து குடிக்க வேண்டாம். மருந்தாளரிடம் கேளுங்கள்.

மருத்துவம் படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: அங்கே இலத்தீன் மட்டும் போதாது, கிரேக்கமும் வேண்டும். சிறுநீரகத்துக்கு 'ரீனல்' இலத்தீன், 'நெஃப்ரோ' கிரேக்கம். நுரையீரலுக்கு 'பல்மனரி' இலத்தீன், 'நியூமோ' கிரேக்கம்.

சட்டம் படிப்பவர்களுக்கு?

இந்த ஊரில் இலத்தீனால் மிகவும் பயன்பெறக்கூடியவர்கள் இவர்களே. இலங்கையின் பொதுச் சட்டம் உரோம-டச்சுச் சட்டம். புதுக்கடை நீதிமன்றத்தில் அரை நாள் உட்கார்ந்தாலே இலத்தீன் காதில் விழும். 'ஹேபியஸ் கோர்ப்பஸ்', அதாவது ஆட்கொணர்வு மனு, உடலை முன்னிலைப்படுத்து என்ற கட்டளை. அதன் பொருளை இலத்தீன் படிக்காமலே, பிள்ளைகளைத் தேடி அலைந்து அறிந்துகொண்ட தாய்மார் நம்மிடையே நிறைய. 'கோர்ப்புஸ்' என்ற உடலிலிருந்து கோர்ப்பரேஷன், இன்கோர்ப்பரேட். 'மான்டாமஸ்' என்றால் 'நாம் கட்டளையிடுகிறோம்', மான்டேட், கொமாண்ட். சத்தியக் கடதாசிக்கு வழங்கும் 'அஃபிடவிட்' இடைக்கால இலத்தீனின் ஒரு முழு வினைமுற்று: 'அவர் சத்தியம் செய்திருக்கிறார்'. உள்ளே இருப்பது 'ஃபிதேஸ்', நம்பிக்கை; கொன்ஃபிடன்ஸ், ஃபிடெலிட்டி.

வேரை நம்பி மோசம் போவதும் உண்டா?

நிறைய. வேர் ஓர் ஊகத்தைத் தரும், தீர்ப்பைத் தராது. 'மனுஃபக்சர்' என்றால் கையால் செய்தல். இன்று ஆலை இயந்திரம் செய்கிறது. 'நைஸ்' இலத்தீனில் 'நெஸ்கியுஸ்', அறிவில்லாதவன். அந்தப் பொருளில் இன்று யாரையும் நைஸ் என்று அழைப்பதில்லை. 'பெட்' காலாகவும் இருக்கும், கிரேக்கத்திலிருந்து வந்தால் பிள்ளையாகவும் இருக்கும். பீடியட்ரிக் வாட்டில் பாத நோயைத் தேடாதீர்கள். 'இன்வலுவபிள்' என்றால் மதிப்பற்றது அல்ல, மதிப்பிட முடியாதது.

உயிருக்கே ஆபத்தானது 'இன்ஃபிளாமபிள்'. இங்கே 'இன்' மறுப்பு அல்ல, 'உள்ளே' என்னும் மற்றொரு 'இன்'. தீப்பற்றக்கூடியது என்றுதான் பொருள். இந்தக் குழப்பத்தாலேயே பவுசர்களிலும் கொள்கலன்களிலும் 'ஃபிளாமபிள்' என்று எழுதுவதை விரும்புகிறார்கள். 'சலரி' என்பது உப்போடு தொடர்புடைய சொல் என்பது சரி. உரோமப் படைவீரருக்கு உப்பையே சம்பளமாக அளந்து கொடுத்தார்கள் என்ற கதைக்குச் சான்று இல்லை.

'வாக்கியத்தை முன்னிடைச்சொல்லில் ('ஒஃப்', 'வித்' போன்றவற்றில்) முடிக்கக் கூடாது' என்பது இலத்தீன் விதியா?

இலத்தீனைப் பார்த்து ஆங்கிலத்துக்குத் தைத்த சட்டை. கவிஞர் ஜோன் டிரைடன் 1672 இல் இதைக் குறையாகச் சொன்னார். அன்றிலிருந்து ஆசிரியர்கள் விடவில்லை. நல்ல ஆங்கிலம் எழுதுகிறவர்கள் எல்லோரும் மீறுகிறார்கள். நீங்களும் மீறலாம்.

எந்த உச்சரிப்பு சரி?

உரோமப் பேச்சாளர் ஒருவரின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள்: பழைய உரோம ஒலிப்பில் 'கிகெரோ', தேவாலய இலத்தீனில் 'ச்சிச்செரோ', ஆங்கிலேயர் வாயில் 'சிசரோ'. ஆங்கிலத்துக்காகப் படிப்பவருக்கு மூன்றாவது போதும். பூசையைத் தாய்மொழிகளில் நடத்த வழிவிட்ட இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1960களில் கூடிய கத்தோலிக்க ஆயர் பேரவை) முன்பு இலத்தீன் பூசை கண்ட பெரியவர்கள் கொட்டாஞ்சேனைப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் இரண்டாவதைப் பாடியே காட்டுவார்கள்.

கொழும்பில் எங்கே படிக்கலாம்? பிள்ளைகளை டியூஷனுக்கு அனுப்பலாமா?

சாதாரண தரப் பிள்ளையை இதற்காக இன்னொரு வகுப்புக்கு அனுப்பாதீர்கள். ஏற்கெனவே ஞாயிற்றுக்கிழமையும் இல்லாமல் ஓடுகிறார்கள். உயர்தரத்தில் 'கிரேக்க உரோம நாகரிகம்' என்று ஒரு கலைப்பாடம் உண்டு, ஆனால் அது வரலாறும் இலக்கியமும். மொழிப் பாடம் அல்ல. பேராதனை, களனி பல்கலைக்கழகங்களில் மேலைச் செவ்வியல் கல்வி இருக்கிறது. கத்தோலிக்கக் குருமடங்களிலும் படிப்பவர்கள் உண்டு. வேர்ச்சொற்களுக்கு மட்டும் என்றால் கட்டணம் கட்ட வேண்டிய அவசியமே இல்லை. மருதானைப் பக்கம் டி. ஆர். விஜேவர்தன மாவத்தையின் பழைய புத்தகக் கடைகளில் தேடினால் அந்தக் காலத்துப் பாடசாலை இலத்தீன் நூல்கள் அகப்படக்கூடும். டுவோலிங்கோ செயலியில் 2019 முதல் இலத்தீன் இருக்கிறது, ஆங்கிலம் வழியாக; விளையாட்டாகத் தொடங்க அது போதும்.

சரி, எப்படித் தொடங்குவது?

வேர்ப் பட்டியலை இணையத்தில் இறக்கி மனப்பாடம் செய்யாதீர்கள். அப்படித் தொடங்கியவர்கள் இரண்டாம் பக்கத்தில் நிற்கிறார்கள். உங்கள் தொழிலில் நாள்தோறும் கையில் படும் ஒரு காகிதத்தை எடுங்கள். வங்கியில் இருப்பவருக்கு 'க்ரேத்', நம்புதல்: கிரெடிட், கிரெடிட்டர், கிரெடென்ஷல், இன்கிரெடிபிள். கப்பல் முகவர் அலுவலகத்தில் இருப்பவருக்கு 'போர்த்'. ஆசிரியைக்கு 'ஸ்க்ரீப்'. கட்டடத் தொழிலில் இருப்பவருக்கு 'ஸ்த்ருக்த்': ஸ்ட்ரக்சர், கன்ஸ்ட்ரக்ஷன், ஒப்ஸ்ட்ரக்ஷன், இன்ஸ்ட்ரக்ஷன். ஒரு வேருக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இரண்டு அடிகளையும் மேலே எழுதுங்கள். வாசிப்பில் எதிர்ப்படும் சொற்களை மட்டும் கீழே சேர்த்துக்கொண்டு போங்கள். ஒவ்வொன்றையும் வைத்து உங்கள் அலுவலகத்தில் உண்மையாகவே அனுப்பக்கூடிய ஒரு வாக்கியம் எழுதுங்கள். முன்னொட்டுகளை மட்டும் முதலிலேயே ஒரேயடியாகப் படித்துவிடலாம். முக்கியமானவை இருபதுக்குள் அடங்கும்.

ஒரு சொல்லின் குடும்பத்தில் சந்தேகம் வந்தால் நல்ல அகராதியில் சொற்பிறப்புக் குறிப்பைப் பாருங்கள். அங்கே இலத்தீன் என்று இல்லாவிட்டால் அந்தச் சொல்லைப் பக்கத்திலிருந்து அடித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.